ஒரு பிராக்கெட்டின் ஒன்பது ஆண்டுகள்: வெளிநாட்டுக் கார் நிறுவனமும் திருமுடிவாக்கம் பட்டறையும்

இந்த ஆய்வு, சென்னைக்குத் தென்மேற்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இயங்கும், உலோகத் தகட்டை எந்திரத்தால் அடித்துப் பாகங்கள் செய்யும் சிறிய பிரஸ் பட்டறை ஒன்றைப் பற்றியது. அந்தப் பட்டறை 2010 முதல் 2020 வரை ஒரு வெளிநாட்டுக் கார் நிறுவனத்தின் உற்பத்திச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக இருந்தது. தர ஆலோசகராக முதல் நாளிலிருந்து அதனுடன் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உரிமையாளர், தொழிலாளர்கள், இடைநிலை நிறுவனம், கார் நிறுவனம் ஆகிய யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்புலம்

இந்தியாவில் கார் தயாரிக்க வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் தொடக்கத்தில் உதிரிப் பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கவே முனைந்தன. 1997-இல் மத்திய அரசு அதற்கு நிபந்தனை விதித்தது. மூன்றாம் ஆண்டுக்குள் 50 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டுக்குள் 70 விழுக்காடும் உள்நாட்டுப் பாகங்களாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்கிட்டன. 2001 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது, உள்நாட்டுப் பாக நிபந்தனை அதற்குச் சில மாதம் முன்பே விலக்கப்பட்டிருந்தது. ஆனால் அதற்குள் மறைமலைநகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேரூன்றிவிட்ட நிறுவனங்கள், உள்ளூரில் வாங்குவதே மலிவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து அறிந்திருந்தன. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டபோது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரையிலான அந்த வட்டாரம் முழுவதுமே கார்த் தொழிலின் நிலமாகிவிட்டிருந்தது.

கார் நிறுவனங்கள் தனியாக வரவில்லை. தாய்நாட்டில் தங்களுக்குப் பாகம் செய்து கொடுத்தவர்களையும் அழைத்து வந்தன. முதல்நிலை வெண்டர்கள் எனப்படும் அந்த நிறுவனங்களுக்கும் இங்கே கீழ்நிலையில் ஆள் தேவைப்பட்டது. ஒரு பெரிய பாகத்துக்குள் பத்துப் பதினைந்து சிறு தகட்டுத் துண்டுகள் இருக்கும். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் மதிப்புள்ள அவற்றைக் கடல்கடந்து கொண்டுவருவதில் பொருளில்லை. கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் ஆகிய தொழிற்பேட்டைகளில் இருந்த சிறு பட்டறைகளின் கதவை அவர்கள் தட்டத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

நம் பட்டறையின் உரிமையாளர் சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில், அச்சுக் கருவிகள் செய்யும் டூல் ரூம் தொழிலாளியாகப் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கிருந்து விலகியபோது கிடைத்த பணத்தில் பழைய பிரஸ்கள் இரண்டை வாங்கி, பம்ப்செட்டுக்கும் மின்விசிறிக்கும் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுத்து வந்தார். 2010-இல் அவரிடம் ஆறு பிரஸ்களும் பதினேழு ஆட்களும் இருந்தார்கள். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இருபது பேரிலிருந்து பொருந்தும் என்பதால் பதினேழைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதாக அவரே என்னிடம் ஒளிவின்றிச் சொன்னார். சிறு பட்டறைகளில் இது பரவலான வழக்கம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் ஒரு முதல்நிலை வெண்டரிடமிருந்து நான்கு பாகங்களுக்கான வரைபடங்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது, என்ஜின் பகுதியில் ஒயர்க் கற்றையைப் பிடித்து நிறுத்தும் 2 மில்லிமீட்டர் தகட்டுப் பிராக்கெட். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தத் துண்டில் மூன்று துளைகளும் இரண்டு மடிப்புகளும் இருந்தன.

தொடக்கத்தில் கண்டவை

முதல் மாதிரியாக அனுப்பிய இருநூறு பிராக்கெட்டுகளும் திரும்பி வந்தன. காரணம் பிசிறு.

பஞ்ச் என்னும் துளைக்கும் அச்சு தகட்டைத் துளைக்கும்போது, அது வெளியேறும் பக்கத்தின் விளிம்பில் ஊசிபோன்ற பிசிறு எழுவது இயல்பு. பொதுவாகத் தகட்டின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அதை ஏற்பார்கள். 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.2 மில்லிமீட்டர். எங்கள் மாதிரியில் சில துளைகளில் அதைப்போல் இரு மடங்கு இருந்தது. மின்விசிறிப் பாகமானால் அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து அனுப்பிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அந்தத் துளைக்குள் ஒயர்க் கற்றையின் பிடிப்பு அமர்கிறது. வண்டி அதிரும்போதெல்லாம் பிசிறு ஒயரின் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். உறை கிழிந்து தகட்டைத் தொட்டால் மின்கசிவு, சில சமயம் தீ. வெண்டர் தரப்பிலிருந்து வந்த பொறியாளர் கருகிய ஒயர்க் கற்றை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதுவரை மூன்று ரூபாய்ப் பாகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டுக்கொண்டிருந்த உரிமையாளர் அதன்பின் அப்படிப் பேசவில்லை.

பட்டறையைச் சுற்றிப் பார்த்ததில் பிசிறு வெறும் அறிகுறி என்பது தெரிந்தது. பிசிறு ஒருபுறம் மட்டும் உயர்ந்திருந்தது. அப்படியானால் பஞ்சும், தகட்டுக்கு அடியில் அது இறங்கும் அச்சான டையும் மையம் விலகியிருக்கின்றன. டைகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. எந்த டை எத்தனை அடி அடித்தது, கடைசியாக எப்போது சாணை பிடித்தது என்பதற்குப் பதிவு இல்லை. டை மாற்றும் செட்டரின் கைப்பழக்கம் ஒன்றே பதிவு. காயில் எனப்படும் தகட்டுச் சுருள் வந்து இறங்கும்போது அதன் சான்றிதழைத் தனியே கோப்பில் போட்டுவிட்டுத் தகட்டைக் கலந்து அடுக்குவார்கள். எந்தப் பாகம் எந்தக் காயிலிலிருந்து வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. அளவெடுக்கும் வெர்னியர் ஒன்றே இருந்தது, அதுவும் கீழே விழுந்து நிமிர்த்தியது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறு. ஐம்பது டன் பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்தவருக்கு வலக்கையில் இரு விரல்களின் நுனி இல்லை. கால்மிதியால் இயங்கும் பழைய பிரஸ். மிதித்தால் அடி விழும், கை எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது. அடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்பதால், தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பது அங்கே சாதாரணமாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆர்டரை ஏற்பதா என்பதே முதல் முடிவு. உரிமையாளரின் மைத்துனர் வேண்டாம் என்றார். பம்ப்செட் வேலையில் கணக்குப் பார்த்துப் பணம் வாராவாரம் கைக்கு வருகிறது, இங்கே தொண்ணூறு நாள் கடன் என்கிறார்கள் என்பது அவருடைய வாதம், அது நியாயமானதும்கூட. ஆனால் பம்ப்செட் வேலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. நான்கு பாகங்களை மட்டும் ஏற்பது, ஓராண்டு பார்ப்பது, எந்த ஒரு வாடிக்கையாளரின் பங்கும் மொத்த விற்பனையில் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் காப்பது என்று முடிவு செய்து ஒரு தாளில் எழுதினோம். அந்தத் தாளில் மூவரும் கையெழுத்திட்டோம்.

இரண்டாவதாக, புதிய பிரஸ் வாங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்ததை நிறுத்தி வைத்து, அந்தத் தொகையில் ஒரு பகுதியை டை பராமரிப்புக்குச் செலவிட்டோம். ஒரு சாணை எந்திரம், டைகளுக்கான இரும்பு அலமாரி, ஒவ்வொரு டைக்கும் ஓர் அட்டை, கேஜ்கள், இரண்டு நல்ல வெர்னியர்கள். புதிய பிரஸ்ஸில் பழைய டையைப் பூட்டினால் வேகமாகப் பிசிறு வருமே தவிர வேறு பயன் இல்லை என்று உரிமையாளருக்குச் சொன்னேன். டூல் ரூமில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு இது உடனே புரிந்தது.

மூன்றாவது முடிவு எங்களுடையது என்று சொல்ல முடியாது, வெண்டரின் தணிக்கை கட்டாயப்படுத்தியது. எல்லாத் தொழிலாளர்களும் பதிவேட்டில் இருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீடும் கட்ட வேண்டும். பிரஸ்களுக்கு இரு கைப் பொத்தான் பொருத்த வேண்டும். இரு கைப் பொத்தான் என்பது, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும் என்ற அமைப்பு. இதற்கு எதிர்ப்பு தொழிலாளர்களிடமிருந்தே வந்தது, ஏனென்றால் மணிக்கு அடிக்கும் எண்ணிக்கை குறைந்து கூலி குறையும். மூன்று வாரம் இழுபறியாக இருந்தது. அடிக்குக் கூலி என்ற முறையைக் கைவிட்டு மாதச் சம்பளமாக மாற்றியபின்தான் பொத்தான்கள் நிலைத்தன. எந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948 முதல் சொல்லி வந்தது. அது அந்தப் பட்டறைக்குள் நடைமுறையாக நுழைந்தது ஒரு வாடிக்கையாளர் கேட்டபோதுதான். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நான்காவது, கடைசிப் பரிசோதனைக்குப் பெண்களை அமர்த்தியது. அனகாபுத்தூரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை நெய்த ஊர். அந்த ஒரே சந்தை அடைபட்டபின் தறிகள் குறைந்து, நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அந்த ஐவரில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா, சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு காரியம் செய்தார். கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் பிசிறைக் கண்டுபிடிப்பதில் விரல் கிழிகிறது, மாலையில் கண்ணும் சோர்கிறது என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு நூல்கண்டு கொண்டுவந்தார். ஒற்றை இழைப் பருத்தி நூலைத் துளைக்குள் விட்டு, விளிம்பைச் சுற்றி ஒருமுறை இழுப்பார். நூல் வழுக்கிக்கொண்டு வந்தால் பாகம் சரி; சிலும்பினால் தனிப் பெட்டிக்குப் போகும். நான் அளவுக் கருவியில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நூல் சிலும்பிய பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே வரம்பைத் தாண்டியவையாக இருந்தன. வெண்டரின் தரப் பொறியாளர் முதலில் தயங்கினாலும், பிறகு பரிசோதனைத் தாளில் நூல் சோதனை என்றே ஒரு வரியைச் சேர்க்க ஒப்புக்கொண்டார். அந்த வரி கார் நிறுவனத்தின் ஒப்புதல் ஆவணக் கட்டு வரை போனது.

வளர்ச்சி, 2011 முதல் 2018 வரை

எங்கள் பிராக்கெட் பொருந்திய கார் மாடல் 2011-இல் சந்தைக்கு வந்தது. முதல் ஆறு மாதங்களில் மூன்று முறை, பழுதான பாகங்களுக்குப் பணம் பிடிக்கும் டெபிட் நோட் வந்தது. அதன்பின் திருப்பி அனுப்பப்படும் பாகங்கள் படிப்படியாகக் குறைந்தன, இரண்டாம் ஆண்டு முடிவில் மாதக் கணக்கில் ஒன்றுகூடத் திரும்பாத நிலை வந்தது. 2013-இல் ரூபாயின் மதிப்பு சரிந்து ஆகஸ்டில் டாலருக்கு 68 வரை போனபோது, இன்னும் இறக்குமதியாகிக்கொண்டிருந்த பாகங்களை உள்ளூருக்கு மாற்ற எல்லா வெண்டர்களும் அவசரப்பட்டார்கள். எங்களிடம் ஒரே மாதத்தில் பதினோரு புதிய வரைபடங்கள் வந்தன.

அந்தக் காலகட்டத்தில் பட்டறை வாங்கிய அறிவை மட்டும் தனியே சொல்ல விரும்புகிறேன். பழுது வந்தபின் ஆளைத் திட்டுவது போய், எங்கே பழுது வரக்கூடும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பட்டியல் போடும் பழக்கம் வந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் பாகத்தை அளந்து கையெழுத்திட்டு பிரஸ்மேல் தொங்கவிடுவது வழக்கமானது. வெண்டரின் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தடுமாற்றம். ஆனால் செட்டருடன் தரையில் உட்கார்ந்து சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, டை மாற்றும் நேரத்தை ஒரு மணிநேரத்துக்கு மேலிருந்து இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாத பாடம் அது. அதற்காக அவர் பைசா கேட்கவில்லை. பிற்பாடு பாகத்தின் விலையில் ஆண்டுதோறும் சிறு குறைப்பைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆட்கள் 2018-இல் ஐம்பத்தெட்டு ஆனார்கள், அதில் இருபத்திரண்டு பேர் பெண்கள். ஈ.எஸ்.ஐ. அட்டையின் பயன் எல்லோருக்கும் நன்றாகத் தெரியவந்தது. விரல்நுனி இழந்த அந்த ஆபரேட்டரின் மனைவிக்கு கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது, கடன் வாங்காமல் வீடு திரும்பினார்கள். இரண்டு பெண்கள் 26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு எடுத்துவிட்டு மீண்டும் அதே மேசைக்கு வந்தார்கள். முதலீட்டு அறிவிப்புகளில் இடம்பெறாத கணக்குகள் இவை.

இதே ஆண்டுகளில்தான் எங்கள் தவறும் நடந்தது. 40 விழுக்காடு என்று எழுதிய தாளை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. பம்ப்செட் வேலையை 2014-இல் விட்டுவிட்டோம், மின்விசிறி வேலையை 2016-இல். 2018-இல் விற்பனையில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஒரே வெண்டருக்குப் போனது, அதிலும் பெரும்பகுதி ஒரே மாடலுக்கு. கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன்.

2015 டிசம்பர்

இடையில் வந்த வெள்ளத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக அடையாற்றுக்குப் பாய்ந்தது. பட்டறைக்குள் நான்கடித் தண்ணீர் நின்றது. அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளில் இருந்த டைகள் சேற்றுக்குள் மூழ்கின. துல்லியமாகத் தேய்த்த எஃகு ஈரத்தில் இரண்டு நாள் இருந்தால் துருப் புள்ளி விழும், பிறகு சாணை பிடித்தாலும் அளவு போய்விடும்.

நான்காம் தேதி காலை, இடுப்பளவு தண்ணீரில் வெண்டரின் ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள், கார் நிறுவனத்திலிருந்தும் இருவர். டீசல் பம்ப், துருநீக்கி எண்ணெய், ஜெனரேட்டர், நூறு பேருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர்க் கேன் எல்லாம் லாரியில் வந்தன. முதல் நாள் பொட்டலங்கள் பட்டறைக்கு அல்லாமல் பின்தெருக் குடியிருப்புக்கே போய்ச் சேர்ந்தன. பிறகு நான்கு நாள், இரவு பகலாக, ஒவ்வொரு டையையும் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு மூடினோம். அவர்களுடைய ஆலை ஓடுவதற்கு எங்கள் பிராக்கெட் வேண்டியிருந்தது என்பது காரணம்தான். மூன்று ரூபாய்ப் பாகம் வராவிட்டாலும் கார் பூட்டும் லைன் நின்றுவிடும். ஆனால் அந்த வெளிநாட்டுப் பொறியாளர் சேற்றில் உட்கார்ந்து டையைத் துடைத்ததை லைன் கணக்கில் மட்டும் சேர்க்க என்னால் முடியாது.

ஒரு கேள்வி மட்டும் அப்போது எழுந்து அப்படியே அடங்கிவிட்டது. டைகளுக்குக் காப்பீடு யார் எடுத்திருக்க வேண்டும்? டை வாடிக்கையாளருக்குச் சொந்தம், இருப்பது எங்கள் கூரையின்கீழ். இரு தரப்பும் எடுத்திருக்கவில்லை.

மாடல் நிறுத்தம்

வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் மாசு விதியில் 5-ஆம் நிலையைத் தாண்டி நேராக 6-ஆம் நிலைக்கு 2020 ஏப்ரல் 1 முதல் மாற வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. அந்தத் தேதிக்குப்பின் பழைய நிலை வண்டி எதையும் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சிறிய டீசல் என்ஜினைப் புதிய நிலைக்கு உயர்த்த, புகைத்துகள் வடிகட்டி முதலான கருவிகளைச் சேர்க்க வேண்டும். அதனால் கூடும் விலையைச் சிறிய கார் வாங்குபவர் தாங்கமாட்டார். பல நிறுவனங்கள் அப்போது சில மாடல்களை மேம்படுத்தாமலே கைவிட்டன. நம் பிராக்கெட் பொருந்திய மாடலும் அவற்றில் ஒன்று.

இந்தச் செய்திகளெல்லாம் நாளிதழில் வந்தவை. நான் படித்தேன், உரிமையாளரும் படித்தார். அது எங்கள் பாகத்தைப் பற்றிய செய்தி என்று இருவருக்கும் தோன்றவில்லை. எத்தனை பாகம் வேண்டும் என்று சொல்லும் மாத ஷெட்யூல் 2019 அக்டோபரில் வழக்கத்தில் பாதியாக இருந்தது. சந்தை மந்தம் என்றார்கள், அவ்வாண்டு எல்லா நிறுவனங்களுக்குமே மந்தம்தான். மாடல் நிற்கப்போகிறது என்று எழுத்தில் வந்தது டிசம்பர் மூன்றாம் வாரம், கடைசி ஷெட்யூல் ஜனவரி. கைவசம் நான்கு மாதத்துக்கான காயில் இருந்தது, அதுவும் வெண்டர் குறிப்பிட்ட ஆலையிலிருந்து, குறிப்பிட்ட ரகத்தில் வாங்கியது.

அதைவிடப் பெரிய அடி டைக் கணக்கில் விழுந்தது. 2017-இல் நான்கு புதிய டைகளை எங்கள் செலவில் செய்திருந்தோம். அந்தச் செலவை ஒரு பாகத்துக்கு இவ்வளவு பைசா என்று விலையில் ஏற்றி, ஐந்தாண்டு எண்ணிக்கையில் மீட்பதாக ஏற்பாடு. இரண்டரை ஆண்டில் மாடல் நின்றது. ஆண்டுக்கு எத்தனை பாகம் எடுப்போம் என்பது மின்னஞ்சலில் மதிப்பீடாக இருந்ததே தவிர, கொள்முதல் ஆணையில் உறுதியாக இல்லை. மீதித் தொகையைக் கேட்டபோது, ஆணையில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கடிதப் போக்குவரத்து பதினான்கு மாதம் நடந்து, பாதியளவு கிடைத்தது.

சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் செய்ய மன்றமும் உண்டு. நிலுவை 120 நாளைத் தாண்டியபோது அங்கே போகலாம் என்றேன். உரிமையாளர் மறுத்துவிட்டார். வழக்குப் போட்டவன் என்று பெயர் வந்தால் அடுத்த வரைபடம் எந்த வெண்டரிடமிருந்தும் வராது என்றார். அவர் சொன்னது தவறு என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. ஜூன் மாதம் பட்டறையைத் திறந்தபோது ஐம்பத்தெட்டு பேரில் இருபத்து நான்கு பேருக்குத்தான் வேலை இருந்தது. யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவுதான் இந்தப் பத்தாண்டில் எடுத்த மிகக் கடினமான முடிவு. சம்பளம் குறைந்தவர்களை வைத்துக்கொண்டு மூத்தவர்களை அனுப்பலாம் என்ற யோசனை வந்தது. உரிமையாளர் அதை ஏற்கவில்லை. டை தெரிந்தவர்களும் பரிசோதனை தெரிந்தவர்களும் போய்விட்டால் மீண்டும் தொடங்க எதுவும் மிஞ்சாது என்றார். பயிற்சியில் இருந்தவர்களும் ஒப்பந்த ஆட்களும் முதலில் போனார்கள். ஆண்டுகள் பல வேலை செய்தும் அவர்களுக்கு நோட்டீஸ் சம்பளத்துக்குமேல் எதுவும் கொடுக்க முடியவில்லை. அவர்களில் இருவரை இன்றும் குன்றத்தூர்ச் சாலையில் உணவு விநியோகப் பையோடு பார்க்கிறேன்.

அதன்பின்

அரசு உத்தரவாதத்தோடு நிலுவைக் கடனில் 20 விழுக்காட்டுக்குக் கூடுதல் கடன் தந்த அவசரக் கடன் திட்டத்தில் பணம் வாங்கி, ஆறு மாதச் சம்பளத்தை ஓட்டினோம். வேலை தேடி அலைந்தபோது எங்களிடம் காட்டுவதற்கு இருந்தது ஒரு கோப்பு: அந்தப் பிராக்கெட்டின் ஒப்புதல் ஆவணக் கட்டு. ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூல் சோதனை என்ற வரியில் நின்று, இது என்ன என்று கேட்டார். அக்காவை அழைத்துச் செய்துகாட்டச் சொன்னோம். பேட்டரிப் பெட்டிக்குள்ளும் ஒயர்க் கற்றைகள் ஓடுகின்றன. பிசிறு அங்கேயும் அதே ஆபத்துத்தான். 2021 பிப்ரவரியில் முதல் ஆர்டர் வந்தது. மருத்துவமனைக் கட்டில் பாகங்களும் ரயில் பெட்டிக்கான சில தகட்டு வேலைகளும் பிறகு சேர்ந்தன. 2024-இல் ஆட்கள் முப்பத்தொன்பது பேர். 2018-இன் விற்பனையை இன்னும் எட்டவில்லை.

2023-24 நிதியாண்டிலிருந்து, சிறு நிறுவனங்களுக்குக் குறித்த காலத்தில் பணம் தராத செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்பின் இரண்டு வாடிக்கையாளர்கள் தாங்களாகவே, சிறு நிறுவனம் என்பதற்கான அரசின் உத்யம் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 45 நாளில் பணம் அனுப்புகிறார்கள். மன்றத்துக்குப் போகாமலே இது நடந்தது.

மீண்டும் செய்வதானால்

ஆர்டரை மறுபடியும் ஏற்போம், அதில் எனக்கு ஐயமில்லை. டைச் செலவை மட்டும் பாகத்தின் விலையில் கலக்காமல் தனிக் கொள்முதல் ஆணையாக, முன்பணத்தோடு வாங்குவோம். இப்போதைய மூன்று வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் செய்திருக்கிறோம். நாலாமவர் மறுத்தார், அவருடைய வேலையை ஏற்கவில்லை. மாடலின் எஞ்சிய ஆயுள் என்ன, அடுத்த மாசு விதிக்கு அதை மேம்படுத்தப் போகிறார்களா என்ற கேள்வியை ஆண்டுக்கொரு முறை எழுத்தில் கேட்கிறோம். பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாகக் கொண்டு, ஒரு மாதத் தேவைக்குமேல் காயில் வாங்குவதில்லை. 40 விழுக்காட்டுத் தாளைச் சட்டமிட்டு உரிமையாளரின் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். மார்ச் மாதக் கணக்கு முடிந்ததும் அதை எடுத்து அவ்வாண்டின் எண்களைப் பின்புறம் எழுதுவது அக்காவின் மகளுடைய வேலை. பட்டயப் படிப்பு முடித்து அவர் இப்போது கணக்கும் தரமும் பார்க்கிறார். டைகளுக்கு வெள்ளக் காப்பீடு எடுத்தாயிற்று, பிரீமியத்தை வாடிக்கையாளர் பாதி ஏற்கிறார்.

நிறுத்தப்பட்ட மாடலின் டைகள் இன்னும் பட்டறையில்தான் இருக்கின்றன. சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் தேவைப்படும்வரை அவற்றை வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இட வாடகை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ முந்நூறு, நானூறு பிராக்கெட்டுக்கு ஆர்டர் வருகிறது. அன்று செட்டர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த டையை இறக்கி, எண்ணெயைத் துடைத்து, அட்டையில் தேதி போட்டுப் பூட்டுகிறார். முதல் பாகம் விழுந்ததும் அது நூல்கண்டு இருக்கும் மேசைக்குப் போகிறது.